நின்ற பிறகு ஒரு காலடி

இடது ஷூ மட்டும் சூடாக இருந்தது.

ஆகஸ்ட் மாத ரோமில் எதுதான் சூடாக இருக்காது என்று எர்சிலியா முதலில் தன்னையே கேலி செய்துகொண்டாள். டிராம் கைப்பிடி சுட்டது, டப்பிங் தியேட்டர் கதவின் பித்தளைக் குமிழ் சுட்டது, மதியச் சாப்பாட்டுக்குக் கொண்டுவந்த பீச் பழம் பைக்குள்ளேயே பாதி வெந்து கிடந்தது. ஆனால் இது ஒரே பெட்டிக்குள் ஒரே துணியில் சுற்றிவைத்த ஜோடி. வலது ஷூ வெறும் தோலாகக் குளிர்ந்திருந்தது. இடது ஷூவுக்குள் கையை விட்டால், யாரோ இப்போதுதான் காலை உருவிக்கொண்டு போனது போல ஒரு கதகதப்பு, உள்தோலில் லேசான பிசுபிசுப்பு, நெடுநாள் பூட்டிக் கிடந்த அறையைத் திறந்தால் வருமே, அந்த வாடை. அவள் ஷூவைக் கீழே வைத்துவிட்டுக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள்.

கண்ணாடி அறைக்குள்ளிருந்து பிரிமோ ஸ்பீக்கரில் கூப்பிட்டான். ஒலிப்பதிவாளன் பிரிமோ, தலையில் ஈரத் துண்டும் உடம்பில் பனியனுமாக, நாற்காலி முழுக்க வழிந்து உட்கார்ந்திருந்தான். மின்விசிறி ஓடினால் அதன் சத்தமும் பதிவாகிவிடும், அதனால் அதை நிறுத்தியாகிவிட்டது. ஊரே கடற்கரைக்குப் போய்விடும் இந்த ஃபெர்ரகோஸ்தோ விடுமுறை வாரத்தில்தான் தெருவில் ஸ்கூட்டர் சத்தம் இராது. காலடிகளைப் பதிவு செய்ய இதைவிட நல்ல நாள் வருஷத்தில் கிடையாது. வேக வேண்டியவர்கள் வேகத்தான் வேண்டும்.

படங்களுக்குச் சத்தம் சேர்ப்பதுதான் அவள் தொழில். அந்த ஊரில் படம் எடுக்கும்போது சத்தத்தைப் பிடிப்பதில்லை. நடிகர்கள் ஊமையாக வாயசைத்துவிட்டுப் போவார்கள். பேச்சு, கதவு, மழை, கத்தி, காலடி எல்லாம் பிறகு இருட்டறையில் சேர்க்கப்படும். எலும்பு முறிவதற்குச் செலரிக் கீரைத் தண்டு, கழுத்து அறுபடுவதற்கு முட்டைக்கோஸ், நடப்பதற்கு எர்சிலியாவின் கால்கள்.

பேய்ப்படம் எடுப்பவர்களுக்கு அப்போது ரோமில் பஞ்சமே இல்லை. ஒவ்வொருவரையும் தொழிலாளிகள் அவரவர் பித்தை வைத்துத்தான் அடையாளம் சொல்வார்கள். ஒருவர் புகை இல்லாமல் ஒரு காட்சியும் வைக்க மாட்டார். அவர் படப்பிடிப்பில் எல்லோரும் இருமிக்கொண்டே இருப்பார்கள். ஒருவருக்குச் சிவப்பும் பச்சையுமாக விளக்கு வேண்டும், கொலை நடக்கும் வீடு மிட்டாய்க்கடை மாதிரி ஜொலிக்கும். இன்னொருவர் கண்ணைக் காட்ட ஆரம்பித்தால் திரை முழுக்கக் கருவிழி வந்த பிறகுதான் விடுவார். எஜீதியோ தார்சிக்கு இதெல்லாம் எதுவும் வேண்டாம். சாதாரண வீடு, சாதாரண விளக்கு, நீண்ட நடைபாதை. ஒரு பெண் நமக்கு முதுகைக் காட்டி நடந்துபோவாள். காமிரா அவளுக்குப் பின்னால், வேண்டியதைவிடக் கொஞ்சம் அதிக நெருக்கத்தில் போகும். அவள் நிற்பாள். நின்ற பிறகு, இன்னொரு காலடி கேட்கும்.

அவ்வளவுதான். அந்த ஒரு காலடிக்குத் தியேட்டரில் ஆண்பிள்ளைகள்கூடத் திரும்பித் தங்கள் பின்வரிசையைப் பார்த்தார்கள். தார்சியின் காலடி என்று பத்திரிகைகள் எழுதின.

அது தார்சியின் காலடி அல்ல, ஒரெஸ்தேயின் காலடி. எர்சிலியாவின் கணவன். இருபது வருஷம் இருவரும் ஜோடியாகத்தான் இந்தத் தியேட்டரில் வேலை பார்த்தார்கள். ஹீல்ஸ் மாட்டிக்கொண்டு பளிங்குப் பலகைமேல் நின்ற இடத்திலேயே அவள் நடப்பாள். ஒரெஸ்தே அவள் முதுகுக்குப் பின்னால் இடது காலைத் தூக்கிக்கொண்டு காத்திருப்பான். அவள் நின்றதும் டக்கென்று வைப்பான். இந்தப் பெட்டியில் இருக்கும் அவனுடைய இடது ஷூவின் அடித்தோலில் ஒரு முனகல் உண்டு. வேறு எந்த ஷூவிலும் அது வரவில்லை. இன்னும் மெதுவாக, இன்னும் கொஞ்சம் தாமதமாக வை என்று தார்சி எத்தனையோ முறை கெஞ்சியிருக்கிறார். மற்ற எதற்கும் தலையாட்டும் ஒரெஸ்தே இதற்கு மட்டும் மசியவே மாட்டான். ஓங்கித்தான் வைப்பான், உடனே வைப்பான்.

ஒருமுறை வீட்டில் பாஸ்தா கிளறிக்கொண்டே ஏன் இந்தப் பிடிவாதம் என்று அவள் கேட்டாள்.

"நீ நின்னதும் நான் வெச்சுடணும், எர்சிலியா. நான் தாமதிச்சா வேற யாராவது வெச்சுடுவாங்க."

"யாரு, பிரிமோவா? அவனை நாற்காலியிலேருந்து எழுப்பவே நாலு பேர் வேணும்."

ஒரெஸ்தே சிரித்தான். ஆனால் கொஞ்சம் கழித்துத்தான் சிரித்தான்.

போன குளிர்காலத்தில் அவன் நெஞ்சுச் சளி முற்றிப் போய்ச் சேர்ந்தான். அடக்கத்துக்கு முன் உடலுக்கு உடை உடுத்தும்போது அவன் அக்கா பல்மீரா நல்ல ஷூவைக் கேட்டாள். நல்ல ஷூவென்று அவனிடம் இருந்தது இந்த ஒரு ஜோடிதான். அதைக் கொடுத்துவிட்டால் தார்சியின் அடுத்த படத்துக்குக் காலடி எங்கிருந்து வரும், தன்னை யார் கூப்பிடுவார்கள் என்று எர்சிலியாவின் புத்தி அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. செருப்புத் தைப்பவன் தொலைத்துவிட்டான் என்று பொய் சொன்னாள். இடுப்புக்குக் கீழே வெள்ளைத் துணி மூடியிருந்ததால் வந்தவர்களுக்குத் தெரியவில்லை. ஒரெஸ்தே கறுப்புக் கம்பளிக் காலுறையோடு போனான். பல்மீரா மட்டும் வாசலில் நின்று ஒன்று சொன்னாள். "செருப்பில்லாம என் தம்பிய அனுப்பிட்டே. அவன் கேட்டு வருவான்." அதற்குப் பிறகு அவள் எர்சிலியாவின் வீட்டுப் படி ஏறவில்லை.

விளக்கு அணைந்தது. திரையில் லூப் ஓட ஆரம்பித்தது. காட்சியைத் துண்டாக வெட்டி, தலையையும் வாலையும் ஒட்டி வளையமாக்கி, சரியாக வரும்வரை திரும்பத் திரும்ப ஓட்டுவார்கள். பச்சை அங்கி போட்ட ஒரு பெண் நடைபாதையில் போனாள், விளக்கருகே நின்றாள். மறுபடி போனாள், நின்றாள். கடைசி வரிசையில் வெள்ளை லினன் கோட்டோடு, ஒரு துளி வியர்வை இல்லாமல் தார்சி உட்கார்ந்திருந்தார்.

முதலில் பெண்ணின் நடையை மட்டும் பதிவு செய்துவிட்டு, ஷூவைப் பிறகு தனியாக வைத்துக்கொள்ளலாம் என்று எர்சிலியா சொல்லியிருந்தாள். பளிங்கில் ஏறினாள். பச்சை அங்கியின் முழங்காலைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். நின்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிரிமோ இயந்திரத்தை நிறுத்திய சத்தம் கேட்டது.

ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. "ஷூவ பிறகு வெக்கறேன்னியே. வெறுங்காலாலயா வெச்சே?"

தான் எதையும் வைக்கவில்லை என்றாள். அவன் நக்கலாகச் சிரித்துவிட்டுப் பதிவைப் போட்டுக் காட்டினான். ஹீல்ஸின் சத்தம் வந்தது, டக், டக், டக். நின்றது. பிறகு, யாரோ கனத்தை மெல்ல இறக்கி வைத்தது போல ஒரு மிருதுவான அமுக்கம். அதன் முடிவில், வியர்த்த தோல் பளிங்கில் ஒட்டி விடுபடும் சின்ன இச்.

எர்சிலியா பளிங்கிலிருந்து இறங்கிவிட்டாள். செருப்பில்லாத கால். பல்மீராவின் முகம் கண்முன்னால் வந்தது.

பின்வரிசையில் தார்சி எழுந்து நின்றிருந்தார். அவர் எழுந்து அவள் பார்த்ததே இல்லை. இதுதான், இத்தனை வருஷமாகத் தேடியது இதைத்தான் என்று அவர் மெல்லிய குரலில் சொன்னார். ஷூவே வேண்டாம் என்றார். இன்னொரு முறை போகலாம், இன்னும் கொஞ்சம் கிட்டே வரட்டும் என்றார்.

மறுக்க நினைத்தாள். ஆனால் வேலை வேலைதானே, கால்கள் தாமாகவே பளிங்கில் ஏறிவிட்டன. இந்த முறை அவள் படத்தைப் பார்க்கவில்லை, கண்ணாடி அறைக்குள் இருந்த ஒலி மீட்டரின் முள்ளைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். ஒவ்வொரு அடிக்கும் முள் துள்ளியது. நின்றாள். முள் படுத்தது. கழுத்துக்குப் பின்னால் அந்தப் பூட்டிய அறையின் வாடை. முள் மறுபடி துள்ளியது.

போட்டுக் கேட்டபோது சத்தம் முன்னைவிடக் கிட்டே இருந்தது. பிரிமோ துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டான். அவன் இப்போது சிரிக்கவில்லை.

"மேஸ்ட்ரோ, அது யாரோட காலடி?" என்று கேட்டாள். தார்சியைப் பார்த்துத்தான் கேட்டாள்.

"எல்லாரும் என்னைக் கேக்கறது அதைத்தான், எர்சிலியா. எனக்குத் தெரிஞ்சிருந்தா நான் எதுக்குப் படம் எடுக்கறேன்? வாங்க, இன்னும் ஒரே ஒரு தடவை."

தலைவலி என்று சொல்லிவிட்டு, ஹீல்ஸைக்கூடக் கழற்றாமல், ஷூ ஜோடியை மார்போடு அணைத்துக்கொண்டு அவள் வெளியே வந்தாள். தார்சி தடுக்கவில்லை. கிடைக்க வேண்டியது கிடைத்துவிட்டது, போய் ஓய்வெடுங்கள் என்று கதவைத் திறந்துவிட்டார். அந்த மரியாதை அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

மதியம் கொளுத்தியது. டிராமில் அவளும் ஓட்டுநரும் மட்டும்தான். நடுப்பகலில், எல்லாக் கடைகளும் இரும்புக் கதவை இறக்கிவிட்ட ஊரில், வெயிலே ஒரு இருட்டாக இருந்தது. அவள் நேராக வெரானோ கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். ஷூவைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், அவ்வளவுதான் மனதில் இருந்தது. மண்ணில் புதைத்திருந்தால் கையாலாவது தோண்டியிருப்பாள். ஒரெஸ்தே சுவரில் இருந்தான். அடுக்கடுக்கான மாடங்களில் மேல் வரிசை, முன்னால் சிமெண்டு, அதன்மேல் பெயர் வெட்டிய பளிங்கு. சக்கரம் வைத்த இரும்பு ஏணியை அவளே தள்ளிக்கொண்டு வந்தாள். அது கிறீச்சிட்ட சத்தம் தோட்டம் முழுக்கக் கேட்டது, ஆனாலும் ஒரு காவலாளிகூட எட்டிப் பார்க்கவில்லை.

மேலே ஏறி, பூக்குவளை செருகும் வளையத்தில் இரண்டு ஷூக்களையும் கயிற்றால் கட்டித் தொங்கவிட்டாள். பளிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டாள். இவ்வளவு நாளாக வராத அழுகை அப்போதுதான் வந்தது. இருபது வருஷம் தன் முதுகுக்குப் பின்னால் நின்றவனை ஒரு ஜோடி ஷூவுக்காக ஏமாற்றினோமே என்று வெட்கம் பிடுங்கியது.

"இந்தா, உன்னோடதுதான். மன்னிச்சுடு, ஒரெஸ்தே. போட்டுக்கிட்டுத் தூங்கு. இனிமே என் பின்னாடி வராதே."

வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். சான் லொரேன்ஸோ பேட்டையின் தெருக்களில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. மனம் லேசானது போலத்தான் இருந்தது. தெருமுனைக் குழாயில் தண்ணீர் குடிக்க நின்றாள்.

பின்னால், சுடும் கல்லில், அந்த அமுக்கம். இச்.

திரும்பினாள். வெள்ளை வெயில். வெறும் தெரு. குழாய் மட்டும் ஊற்றிக்கொண்டிருந்தது.

நடந்தாள். நடக்கும்வரை ஒன்றும் கேட்கவில்லை. முக்கில் சாவியைத் தேட நின்றாள். இச். இன்னும் கிட்டே. இன்னும் போட்டுக்கொள்ளவில்லை போலும், கயிற்றை அவிழ்க்க நேரமாகாதா என்று பைத்தியம் போல முனகிக்கொண்டு மறுபடி நடந்தாள். இப்போது நிற்கக் கூடாது என்பது மட்டும் தெரிந்தது.

அப்போது தூரத்தில் இன்னொரு சத்தம் கேட்டது. கல்லறைத் தோட்டத்துப் பக்கத்திலிருந்து. தோல் ஷூ. இடது, வலது, இடது. இடது அடியில் அந்த முனகல். மெதுவாக அல்ல. வேகமாக. ஓட்டமாக.

போட்டுக்கொண்டுவிட்டான்.

அவள் ஓடினாள். கட்டடத்தின் கதவு, இருட்டு, படிகள். எல்லாத் தளமும் கடற்கரைக்குப் போயிருந்தது. கீழே கதவு மோதியது. ஷூ படியேறியது, இரண்டிரண்டு படியாக. அவள் வீட்டுக்குள் விழுந்து, கதவை அறைந்து, தாழ்ப்பாளைப் போட்டாள். சங்கிலியை மாட்டினாள். நடைபாதையில் பின்வாங்கிக்கொண்டே போனாள், கதவிலிருந்து கண்ணை எடுக்காமல். ஷூ கடைசிப் படிகளை ஏறியது. வாசலுக்கு வந்தது. நின்றது.

தட்டவில்லை. கூப்பிடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு யாரோ காத்திருக்கும் அமைதி. அந்த அமைதியை அவள் முதுகுக்கு நன்றாகத் தெரியும். இருபது வருஷப் பழக்கம்.

முதுகு கடைசிச் சுவரில் இடித்தது. அவள் நின்றாள்.

இச்.

உள்ளே. வீட்டுக்குள்ளே. அவளுக்கும் கதவுக்கும் நடுவில்.

சாத்திய ஜன்னலின் கீற்று வெளிச்சத்தில் எதுவும் தெரியவில்லை. அந்த வாடை மட்டும் நடைபாதையை நிறைத்தது. அவளுடைய காதுகள் அப்போதுதான் வேலை செய்தன, பயமும் வெட்கமும் இவ்வளவு நேரம் அடைத்துவைத்திருந்த காதுகள். ஒட்டி விடுபடும் சத்தம். தோலின் சத்தம். கம்பளிக் காலுறை அப்படி ஒட்டாது. அது உரசும், ஒட்டாது. பிறந்த குழந்தைக்குத் தெரியாமல் போகலாம், எர்சிலியாவுக்குத் தெரியாமல் போகலாமா? ஒரெஸ்தேயைக் காலுறையோடுதானே அனுப்பினாள்.

நான் தாமதிச்சா வேற யாராவது வெச்சுடுவாங்க.

அதனால்தான் ஓங்கி வைத்தான். அதனால்தான் உடனே வைத்தான். ஒவ்வொரு முறையும், அவள் நின்ற இடத்தில் இன்னொன்று கால் வைப்பதற்குள். அவனைத்தான் அவள் இப்போது சங்கிலி போட்டு வெளியே நிறுத்தியிருக்கிறாள்.

ஒரெஸ்தே என்று கத்த வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. ஒரே வழி இருந்தது, அதைக் கால்களே கண்டுபிடித்தன. அவள் நடக்க ஆரம்பித்தாள். நின்ற இடத்திலேயே. தரை ஓட்டின் ஒரு சதுரத்தின்மேல், பளிங்குப் பலகையில் நடப்பதுபோல. டக், டக், டக். நடக்கும்வரை அது வைக்காது. முன்னால் நகரவும் முடியாது. அது அங்கே நிற்கிறது. நடந்தாள். வியர்வை கண்ணில் வழிந்தது. ஹீல்ஸுக்குள் தோல் உரிந்து ஈரமானது. நடந்தாள். யாராவது வருவார்கள். விடுமுறை முடிந்து யாராவது வருவார்கள். டக். டக். ஜன்னல் கீற்று தரையிலிருந்து சுவருக்கு ஏறியது. சுவரிலிருந்து மறைந்தது. டக்.

இடது முழங்கால் மடங்கியது.

சுவரைப் பிடித்துக்கொண்டாள். கால் நின்றது.

கதவுக்கு வெளியே ஷூ ஓங்கி வைக்கப்பட்டது, கட்டடமே அதிர. ஒரு கணம் தாமதமாக. அதற்கு முன்பே, அவள் நின்றிருந்த அதே ஓட்டின்மேல், அவளுடைய வலது பாதத்தை ஒட்டி, ஐந்து ஈரமான கால்விரல்கள் ஒவ்வொன்றாகத் தரையில் பதிந்துவிட்டிருந்தன.

வெளியே ஷூ மறுபடி ஓங்கி அடி வைத்தது. மறுபடி. மறுபடி. யாரும் நடக்காத வீட்டு வாசலில் அது அடி வைத்துக்கொண்டே இருந்தது.